பர்டூவின் அடுத்த கோச்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிசம்பர் 2, 2024

மதிப்பிற்குரிய விளையாட்டுத் துறை இயக்குநர் மைக் பொபின்ஸ்கி அவர்களுக்கும், பர்டூ பல்கலைக்கழக அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம்.

நேற்று நம் ஃபுட்பால் அணியின் தலைமைக் கோச் ரயன் வால்டர்ஸை வீட்டுக்கு அனுப்பினீர்கள். சனிக்கிழமை புளூமிங்டனில் இந்தியானா பல்கலைக்கழக அணியிடம் 66-0 என்று தோற்ற பிறகு வேறு வழி இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை. போனவரைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. வரப்போகிறவரை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதுதான் என் கவலை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆங்கிலத்தில் வந்து குவியும் பழைய மாணவர்களின் கடிதங்களை மட்டும் வரி விடாமல் படிக்கிறீர்களா என்ன! பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபயட்டில் படித்துப் போன தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வந்து சேர்ந்து, சனிக்கிழமைகளில் ராஸ்-ஏட் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று புரியாமல் கத்தி, அப்புறம் புரிந்துகொண்டு கத்தியவர்கள். அவர்கள் படிப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் படிக்கலாம் என்பதால் சில விஷயங்களைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அப்பா அம்மாவுக்கு: அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குகிறவர் ஆளுநரோ பல்கலைக்கழகத் தலைவரோ அல்ல, ஒரு கல்லூரி அணியின் கோச். நானும் முதலில் நம்பவில்லை. இங்கே கல்லூரி ஃபுட்பாலில் (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) கோச்சின் வேலை மைதானத்தில் விசில் ஊதுவதோடு முடிவதில்லை. பதினேழு வயதுப் பையன்களின் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று கேட்பவர் அவர்தான். தொழில்முறை லீகில் தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டு நல்ல ஆளை முதலில் எடுக்கும் சலுகை உண்டு. கல்லூரியில் அதெல்லாம் கிடையாது. தோற்றால் நல்ல பையன்கள் வர மாட்டார்கள், வராவிட்டால் மறுபடி தோல்வி. இந்தச் சுழலை உடைக்கக் கூடிய ஒரே ஆள் கோச். அதனால்தான் அவ்வளவு சம்பளம், அதனால்தான் இந்த மடல்.

சரி, இந்த சீசனைப் பார்ப்போம். 12 ஆட்டத்தில் ஒரே வெற்றி. அதுவும் ஆகஸ்ட் 31 அன்று, ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடும் இந்தியானா ஸ்டேட் அணிக்கு எதிராக. அடுத்த ஆட்டத்தில் நோட்ர டேம் நம் மைதானத்துக்கே வந்து 66-7 என்று அடித்துவிட்டுப் போனது. நான்கு ஆட்டம் முடிந்ததும் தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்த கோஆர்டினேட்டர் கிரஹாம் ஹாரலை நீக்கினார்கள். அதற்குப் பிறகு விஸ்கான்சினிடம் 52-6, ஒரிகனிடம் 35-0, ஓஹையோ ஸ்டேட்டிடம் 45-0. ராஸ்-ஏட் மைதானம் 1924 நவம்பரில் திறக்கப்பட்டபோது முதல் ஆட்டத்தில் இந்தியானாவை 26-7 என்று வென்றோம். நூற்றாண்டு கொண்டாட வேண்டிய ஆண்டில் அதே இந்தியானாவிடம் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்டோபர் 12 அன்று ஷாம்பெய்னில் இல்லினாயிடம் இருபது புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்து விரட்டி வந்து, கூடுதல் நேரத்தில் சமன் செய்யும் ஒற்றைப் புள்ளி வேண்டாம், ஜெயிக்கவே ஆடுவோம் என்று இரண்டு புள்ளிக்கு முயன்று, 50-49 என்று தோற்றார்கள். மனம் விட்டுப்போன அணி அப்படி ஆடாது. அவர்களுக்குக் கிடைக்காதது வேறு.

இப்போது ஒரு கணக்கு. 1997-இல் வந்த ஜோ டில்லர் அதற்கு முன் வயோமிங்கில் ஆறு ஆண்டு தலைமைக் கோச்சாக இருந்தவர். பர்டூவில் 87 வெற்றி, 62 தோல்வி, 12 ஆண்டில் 10 பவுல் ஆட்டம், அதாவது நன்றாக ஆடிய அணிகளுக்கு சீசன் முடிவில் கிடைக்கும் சிறப்பு ஆட்டம். 2017-இல் வந்த ஜெஃப் பிரோம் வெஸ்டர்ன் கென்டக்கியில் மூன்று ஆண்டு தலைமைக் கோச், அதில் இரண்டு கோப்பை. இங்கே 36-34 (முதலில் வெற்றி, பிறகு தோல்வி), போவதற்கு முன் நாம் ஆடும் பிக் டென் லீகின் மேற்குப் பிரிவில் முதலிடம். 2013-இல் வந்த டேரல் ஹேசல் கென்ட் ஸ்டேட்டில் இரண்டே ஆண்டு, அதில் ஒன்றுதான் நல்ல ஆண்டு. அந்த ஓர் ஆண்டின் 11 வெற்றியைப் பார்த்து எடுத்தோம். முடிவு 9-33. வால்டர்ஸ் அதற்கு முன் ஒரு நாள்கூடத் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. முடிவு 5-19.

ஆறு, மூன்று, இரண்டு, பூஜ்யம். தலைமைக் கோச்சாக இருந்த ஆண்டுகள் குறையக் குறைய, இங்கே கிடைத்த முடிவும் அதே வரிசையில் இறங்கியிருக்கிறது. டேனி ஹோப் இந்தக் கணக்கில் ஒட்ட மாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டில்லருக்குப் பின் வந்த அவர் ஈஸ்டர்ன் கென்டக்கியில் ஐந்து ஆண்டு தலைமைக் கோச்சாக இருந்தவர்தான், ஆனால் இங்கே 22-27. அவர் பெரிய வெற்றியும் காணவில்லை, படுகுழியிலும் தள்ளவில்லை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு விதி எழுதக் கூடாது என்று என் பழைய புள்ளியியல் பேராசிரியர் சொல்வார். சரிதான். ஆனாலும் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, அடுத்தவரும் முதல் முறை தலைமைக் கோச் ஆகிறவர் என்று அறிவித்தீர்களானால், பொறியியல் கல்லூரிக்கு அது அழகில்லை.

வால்டர்ஸை எடுத்ததன் காரணம் எனக்கு நினைவிருக்கிறது. 2022-இல் இல்லினாயின் டிஃபென்ஸ் அவர் கையில் இருந்தது. நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணி அதுதான், ஆட்டத்துக்கு 12.8. வயது 36, துடிப்பானவர், நன்றாகப் பேசுவார். எல்லோரும் கைதட்டினோம். ஆனால் இல்லினாயில் அவருக்கு மேலே பிரெட் பீலமா இருந்தார். யாரைச் சேர்ப்பது, எந்த உதவிக் கோச்சை மாற்றுவது, தொடர்ந்து தோற்ற அணியைத் திங்கட்கிழமை காலையில் எப்படி எழுப்பி உட்கார வைப்பது என்பதெல்லாம் பீலமாவின் தலைவலி. அந்தத் தலைவலியை முதல் முறையாக அனுபவிக்கிற இடம் பிக் டென்னாக இருக்கக் கூடாது. ஒரிகன், வாஷிங்டன், யூஎஸ்சி, யூசிஎல்ஏ நான்கும் இந்த ஆண்டு உள்ளே வந்துவிட்டன. மேற்கு, கிழக்கு என்ற பிரிவே போய்விட்டது. பிரோம் ஏறி வந்த படிக்கட்டு இப்போது இல்லை.

இதற்கு உங்களிடம் பதில் இருக்கும் என்று தெரியும். பில் ஸ்னைடர் அயோவாவின் கோஆர்டினேட்டராக இருந்து நேராக வந்துதானே கான்சஸ் ஸ்டேட்டைத் தூக்கி நிறுத்தினார்? வான்டர்பில்ட்டின் கிளார்க் லீ நோட்ர டேமின் டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே, இந்த அக்டோபரில் அலபாமாவை 40-35 என்று வீழ்த்தவில்லையா? உண்மைதான். ஸ்னைடரின் முதல் ஆண்டு 1989-இல் 1-10. லீயின் முதல் மூன்று ஆண்டுகள் 2-10, 5-7, 2-10. அந்த மூன்றாவது ஆண்டு முடிவிலும் அவரை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். நீங்கள் வால்டர்ஸுக்குக் கொடுத்தது 24 ஆட்டம். தப்பு என்று சொல்லவில்லை, இன்றைய சூழ்நிலையில் அவ்வளவுதான் கொடுக்க முடியும். அப்படியானால் கற்றுக்கொள்ளக் காலம் தேவைப்படுகிற ஆளை எடுக்காதீர்கள். காலமும் தர மாட்டேன், கற்றுக்குட்டிதான் வேண்டும் என்றால் எப்படி?

பொறுமை பர்டூவுக்குத் தெரியாத குணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேக்கி அரங்கத்துக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். மேட் பெயின்டர் 2005 முதல் கூடைப்பந்து கோச். 2013, 2014 இரண்டு சீசனிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம், 2014-இல் பிக் டென்னில் கடைசி இடம். யாரும் அவரை அனுப்பவில்லை. 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற சின்னக் கல்லூரியிடம் முதல் சுற்றிலேயே தோற்று நாடே சிரித்தது. அப்போதும் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே தேசிய இறுதி ஆட்டம் வரை போனார். ஆனால் அவரும் வரும்போது சதர்ன் இல்லினாயில் ஒரு சீசன் தலைமைக் கோச்சாக இருந்து 25-5 என்று காட்டிவிட்டுத்தான் வந்தார். அதோடு ஜீன் கீடியின் கீழ் இங்கேயே ஆடிய பையன். ஃபுட்பாலுக்கு அப்படி வீட்டுப் பிள்ளை யாரும் கண்ணில் படவில்லை.

பக்கத்து வீட்டுக்கு வருவோம். எழுதவே கசக்கிறது, ஆனால் எழுதாமல் முடியாது.

போன ஆண்டு நவம்பர் 25. ஓல்டு ஓக்கன் பக்கெட்டுக்கான ஆட்டத்தில், அதாவது 1925 முதல் நமக்கும் இந்தியானாவுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருக்கும் அந்த மர வாளிக்கான ஆட்டத்தில், நாம் 35-31 என்று ஜெயித்தோம். நமக்கு அந்த சீசன் 4-8, அவர்களுக்கு 3-9. பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் அவர்கள் டாம் ஆலனை நீக்கினார்கள், 1.55 கோடி டாலர் கொடுத்து. நான்கே நாளில், நவம்பர் 30 அன்று, கர்ட் சிக்னெட்டியை அறிவித்தார்கள். சரியாக ஓர் ஆண்டு கழித்து, அதே நவம்பர் 30 அன்று, 66-0. அவர்களுடைய சீசன் 11-1. முதல்தரப் பிரிவின் வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட அணி என்ற பெயர் யாருக்கு இருந்ததோ, அவர்கள்.

சிக்னெட்டி யார்? அப்போது வயது 62. அலபாமாவில் நிக் சேபனின் கீழ் நல்ல வேலையில் இருந்தவர், 2011-இல் அதை விட்டுவிட்டு பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். அங்கிருந்து ஈலான், அங்கிருந்து ஜேம்ஸ் மேடிசன். மேடிசனில் ஐந்து ஆண்டில் 52 வெற்றி, 9 தோல்வி. பதின்மூன்று ஆண்டு தலைமைக் கோச்சாக இருந்ததில் ஒரு சீசனில்கூடத் தோல்வி வெற்றியை மிஞ்சவில்லை. எப்படி ஆட்களை நம்ப வைப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, "நான் ஜெயிப்பவன். கூகுள் செய்து பாருங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கூகுள் செய்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

அவர் தனியாகவும் வரவில்லை. தாக்குதலுக்கு மைக் ஷானஹன், தற்காப்புக்கு பிரையன்ட் ஹேன்ஸ், இருவரும் கூடவே மேடிசனிலிருந்து வந்தார்கள். தெரிந்த ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஓஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து குர்ட்டிஸ் ரூர்க் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், வந்தார். புதிய கோச் தன் முறையைக் கற்றுக்கொடுக்க ஒரு சீசன் ஆகும் என்பார்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் இந்தியானாவுக்கு அந்த ஒரு சீசன் மிச்சம். நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக நான் நினைப்பது, "உங்களோடு யார் யார் வருவார்கள், அவர்களோடு எத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறீர்கள்?" என்பதுதான். விசாரித்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தால் காபியோடு அனுப்பிவிடலாம்.

லான்ஸ் லைபோல்டையும் சொல்ல வேண்டும். விஸ்கான்சின்-ஒயிட்வாட்டர் என்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் ஆறு தேசியக் கோப்பை, பிறகு பஃபலோவில் ஆறு ஆண்டு. 2021-இல் கான்சஸுக்கு வந்தபோது அந்த அணி முந்தைய சீசனில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. 2-10, 6-7, 9-4 என்று ஏறினார். சின்ன இடத்தில், பணம் குறைவான இடத்தில், பெயர் தெரியாத பையன்களை வைத்துப் பல ஆண்டு ஜெயித்தவர்கள் பெரிய இடத்துக்கு வந்தும் அதையே செய்கிறார்கள். நம் டில்லர் செய்ததும் அதுதானே. 3-8 என்று இருந்த அணியை வந்த ஆண்டே 9-3 ஆக்கினார். டெக்சாஸின் பெரிய கல்லூரிகள் உயரம் போதாது என்று கண்டுகொள்ளாமல் விட்ட ட்ரூ பிரீஸை அழைத்து வந்தார். அந்தப் பையன்தான் நம்மை 2001 ரோஸ் பவுலுக்குக் கூட்டிப்போனான்.

நான் மாணவனாக இருந்தபோது 2018 அக்டோபர் 20 இரவு ராஸ்-ஏட்டில் இருந்தேன். நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்த ஓஹையோ ஸ்டேட்டை 49-20 என்று வென்ற இரவு. ராண்டேல் மோர் அப்போது முதலாண்டு மாணவர், பிடிக்க வந்தவர்களெல்லாம் காற்றைப் பிடித்தார்கள். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டைலர் டிரென்ட் என்ற மாணவர், ஜெயிப்போம் என்று முன்பே சொல்லியிருந்தார், அன்று மைதானத்துக்கு வந்து அதைப் பார்த்தார். இந்தக் கல்லூரியால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். முடியும். 2021-இல் இரண்டாம் இடத்து அயோவாவையும் மூன்றாம் இடத்து மிச்சிகன் ஸ்டேட்டையும் ஒரே சீசனில் கவிழ்த்தோம். உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்த ஏடன் ஓ'கானல்தான் அன்று குவார்ட்டர்பேக்.

இனி பணம். பேசக் கூச்சப்படும் விஷயம், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும்.

2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இந்த ஆண்டு முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி, உட்கார்ந்து காத்திராமல் உடனே ஆடலாம். நீதிமன்றத்தில் இருக்கும் ஹவுஸ் வழக்கின் சமரசம் அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதல் பெற்றுவிட்டது. அது முழுமையானால் அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம். பிக் டென்னின் தொலைக்காட்சிப் பணத்தில் ஓஹையோ ஸ்டேட்டுக்கு வரும் அதே பங்குதான் நமக்கும். ஆகவே ஏழைக் கல்லூரி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

போன சீசன் முடிந்ததும் என்ன ஆயிற்று? குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துவதில் பிக் டென்னிலேயே முதலிடம் பிடித்த நிக் ஸ்கோர்ட்டன் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்குப் போனார். எறியும் பந்தைப் பிடிக்கும் நம் சிறந்த ரிசீவர் டியான் பர்க்ஸ் ஓக்லஹோமாவுக்குப் போனார். ஸ்கோர்ட்டனுக்கு அது சொந்த ஊர்ப் பக்கம், போகட்டும். பர்க்ஸ் மிச்சிகன்காரர், அவருக்கு ஓக்லஹோமாவில் என்ன உறவு? இப்போது கோச் போனதால் நம் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வேறு கல்லூரிக்கு மாற 30 நாள் கதவு திறந்துவிட்டது. முதலாண்டிலேயே ஆறு முறை எதிரணியின் பந்தைப் பறித்த டில்லன் தீனமன் போன்றவர்களின் அலைபேசி இந்நேரம் அடிக்கத் தொடங்கியிருக்கும். அவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் இங்கே ஆடியவர்கள் என்ற பாசம் மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

2013 முதல் கல்விக் கட்டணத்தை ஏற்றாத பல்கலைக்கழகம் நம்முடையது. அந்தச் சிக்கனத்தால் பிழைத்தவன் நான். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் சிக்கனத்தை எங்கே காட்டுவது என்று யோசிக்கலாம். போன ஆண்டு டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்புவதற்கு மட்டும் 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் பணத்தில் 600 கோடி ரூபாயைத் தாண்டும், வேலை செய்யாமல் இருப்பதற்கு. ஒரு நல்ல சீசனைப் பார்த்து மயங்கி ஒப்பந்தத்தை நீட்டி, நடுவில் அனுப்பினால் முழுப் பணமும் தருவதாக எழுதிக்கொடுக்கும் பழக்கத்தால் வருகிற வினை இது. அங்கே இறுக்கிப் பிடியுங்கள். வரப்போகிறவருக்குச் சம்பளம் நியாயமாக இருக்கட்டும், பிரிவுத் தொகை சிறியதாக இருக்கட்டும், மிச்சத்தை உதவிக் கோச்சுகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் கொடுங்கள். நல்ல கோச் இதை ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது ஆட்கள். தன் பிரிவுத் தொகையைப் பற்றியே பேரம் பேசுகிறவர், தான் அனுப்பப்படுவோம் என்று எதிர்பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆளைத் தேடித் தரும் நிறுவனங்களை இந்த வேலைக்கு அமர்த்துவது இப்போது வழக்கம். கல்யாணத் தரகர் மாதிரிதான். தரகர் கொண்டுவரும் ஜாதகங்களில் எல்லாப் பையன்களும் நல்ல பையன்கள்தான், எல்லோருக்கும் சொந்த வீடுதான். அவர்களை ரகசியமாகத் தொலைபேசவும் விமானம் பிடிக்கவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். அந்தப் பழைய கல்லூரிகளில் நான்கு ஆண்டு ஆடி முடித்துப் போன பையன்களைத் தேடிப் பேசுங்கள். முதல் ஆண்டு அவர் சேர்த்த பையன் நான்காம் ஆண்டு முடியும்வரை அங்கேயே இருந்தானா, இருந்தால் ஏன் இருந்தான் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டே ஓரிடத்தில் இருந்த கோச்சிடம் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஹேசலிடம் இருந்திருக்காது.

யாரைச் சொல்கிறாய் என்று கேட்டால், என் மனதில் இருப்பவர் டோலிடோவின் ஜேசன் கேண்டில். 2015 முடிவிலிருந்து ஒரே இடத்தில் தலைமைக் கோச், 2017-இலும் 2022-இலும் அவர்கள் லீகின் கோப்பை, போன ஆண்டு 11 வெற்றி. இந்த ஆண்டு 7-5 என்று கொஞ்சம் இறங்கியிருக்கிறார், அதனால் விலையும் இறங்கியிருக்கும், வாங்க நல்ல நேரம். நம் பையன்கள் வளரும் இந்தியானா, ஓஹையோ, மிச்சிகன் பள்ளிகள் எல்லாம் அவருக்குத் தெரிந்த பாதை. லாஸ் வேகஸில் இருக்கும் யூஎன்எல்வி பல்கலைக்கழகத்தின் பேரி ஓடமும் மோசமில்லை. 2013 சீசனுக்குப் பிறகு பவுல் ஆட்டத்தையே காணாத அணியை வந்த முதல் ஆண்டே 9-5 ஆக்கி, இந்த ஆண்டு 10-2 வரை கொண்டுவந்திருக்கிறார். மிசூரியில் நான்கு ஆண்டில் 25-25 என்று முடித்து வேலையை இழந்தவர், அந்த அடியும் ஒரு படிப்புதான். ஆனால் லாஸ் வேகஸில் இரண்டே ஆண்டு என்பது எனக்கு நெருடுகிறது, மேலே சொன்ன கணக்கினால். ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியின் ஜெஃப் மான்கனை எனக்கு மிகவும் பிடிக்கும், 10-1 என்று நிற்கிறார். ஆனால் பந்தை அபூர்வமாகவே எறியும் ஆட்டத்துக்கு லென் டாசன், பாப் கிரீஸி, ட்ரூ பிரீஸ் என்று தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற மூன்று குவார்ட்டர்பேக்குகளைக் கொடுத்த ஊர் சம்மதிக்குமா என்று தெரியவில்லை.

பொபின்ஸ்கி அவர்களே, பிரோமை எடுத்ததும் நீங்கள்தான், வால்டர்ஸை எடுத்ததும் நீங்கள்தான். முதலாமவரை எடுத்தபோது நீங்கள் பர்டூவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆனாலும் மூன்று ஆண்டு தலைமைக் கோச்சாக ஜெயித்துக் காட்டியவரைத் தேடிப் பிடித்தீர்கள். அன்று பயன்படுத்திய அளவுகோலை எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நாளை மறுநாள் புதன்கிழமை, பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள். அதற்குள் ஆள் கிடைக்க மாட்டார், அதற்காக அவசரப்படவும் வேண்டாம். சில பையன்கள் போய்விடுவார்கள். அடுத்த திங்கட்கிழமை, டிசம்பர் 9 அன்று, நாடு முழுவதும் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது. இந்தியானாவுக்கு நான்கு நாள் போதுமானதாக இருந்தது, உங்களிடம் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் மேடையேறிப் பெயரை அறிவிக்கும்போது, ஆட்டக்காரர்களுக்கென்று ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்ற தொகையையும் அதே மேடையில் சொல்லிவிடுங்கள். தீனமனும் அவர் தோழர்களும் அந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
பர்டூவின் பழைய மாணவன் ஒருவன்